காதில் என்ன இருக்கிறது?

எங்கள் மாடியில் ஆடுகிறவர்களில் பாதிப் பேர் காதில் எதையாவது மாட்டிக்கொண்டுதான் ஆடுகிறார்கள். சிலர் வெள்ளை இயர்பட்ஸ். ஒருவர் தலையைச் சுற்றி வரும் பெரிய ஹெட்ஃபோன். ஐ.டி.யில் வேலை பார்க்கும் இன்னொருவர் மருந்துக்கடையில் வாங்கிய மஞ்சள் நுரை இயர்பிளக். என் தம்பிக்கு இரண்டு காதிலும் மிஷின். எனக்கு ஒயர் வைத்த பழைய இயர்ஃபோன். நான்கு வருடமாக அதோடுதான் ஆடுகிறேன். பெரும்பாலான நாள் அதில் பாட்டு ஓடாது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மாடி என்று நாங்கள் சொல்வது வடபழனிப் பக்கம் ஒரு கடைக்கு மேலே இருக்கும் விளையாட்டுக் கூடத்தை. நான்கு பூல் டேபிள், ஒரு ஸ்னூக்கர் டேபிள், மூலையில் பிளேஸ்டேஷன். பூல் என்ற சொல்லைத் தமிழில் எழுதினால் வாசிக்கிறவர்கள் கொஞ்சம் நெளிவார்கள் என்று தெரியும். வீட்டில் அம்மா முன்னால் நானும் "டேபிள் ஆடப் போறேன்" என்றுதான் சொல்வேன். ஆனால் கட்டுரை முழுக்க ஒளித்து ஒளித்து எழுத முடியாது. ஒருமுறை சிரித்து முடித்துவிட்டு வாருங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை நாங்களே ஒரு சின்னப் போட்டி நடத்துகிறோம். பதினாறு பேர். நைன் பால். நுழைவுக் கட்டணம் 500 ரூபாய். நடுவர் கிடையாது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். போன வருடம் அரையிறுதியில் ஒரு தகராறு வந்தது. இயர்பட்ஸ் போட்டுக்கொண்டு ஆடியவர் தொடர்ந்து இரண்டு ஃபவுல் செய்திருந்தார். நைன் பாலில் தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் அந்த கேம் போய்விடும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு ஃபவுல் ஆனதும் எதிராளி அதைச் சொல்லி எச்சரித்திருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் அடுத்த ஃபவுல் மூன்றாவதாகக் கணக்கில் வராது.

எதிராளி சொன்னார். மார்க்கர் அண்ணன் உட்பட மூன்று பேர் அதைக் கேட்டார்கள். இயர்பட்ஸ்காரர் கேட்கவில்லை. அவர் குனிந்து, மூன்றாவது ஃபவுலையும் செய்தார்.

"கேம் எனக்கு."

"எப்ப சொன்ன நீ?"

"நான் சொன்னேன். காதுல அத மாட்டிக்கிட்டு இருந்தா நான் என்ன பண்ண?"

அரை மணி நேரம் சண்டை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. சொன்னது நிஜம், கேட்காததும் நிஜம். சொல்லிவிட்டால் கடமை முடிந்ததா, எதிரில் இருப்பவர் கேட்டிருக்கவும் வேண்டுமா? கடைசியில் அந்த கேமை மறுபடி ஆடினார்கள். ஆனால் இந்த வருடம் ஆடுவதற்கு முன் விதி எழுதி ஒட்டவேண்டும் என்று முடிவானது. "உனக்குத்தான் தமிழ் நல்லா வரும், நீ எழுது" என்று என் தலையில் கட்டினார்கள். எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, 'காதில் எதுவும் இருக்கக் கூடாது' என்ற நான்கு வார்த்தையில் எத்தனை பேர் மாட்டிக்கொள்வார்கள் என்று.

*

இந்த ஆட்டம் அமைதியில் பிறந்தது இல்லை. அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டும் இடங்களை 'பூல் ரூம்' என்றார்கள். எல்லோரும் பணத்தை ஒன்றாகப் போடுவது பூல். ஒரு பந்தயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஆட்கள் நேரம் போக்குவதற்காக அங்கே பில்லியர்ட்ஸ் டேபிள்களைப் போட்டார்கள். நாளடைவில் சூதாட்டத்தின் பெயர் டேபிளுக்கு ஒட்டிக்கொண்டது. ஆக, பெயரிலேயே சத்தம் இருக்கிறது.

அதன் அண்ணன் முறையான ஸ்னூக்கருக்குக் கதை வேறு. அது நம் நாட்டில் பிறந்தது. 1875-இல் ஜபல்பூர் ராணுவ முகாமில் நெவில் சேம்பர்லேன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஆரம்பித்து வைத்தார். பிற்பாடு பிரதமரான சேம்பர்லேன் வேறு ஆள். 1880களில் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் அதன் விதிகளை எழுதி மாட்டினார்கள். அந்த அறைகளின் ஒழுக்கம் கிளப் ஒழுக்கம்: ஒருவர் குனிந்தால் மற்றவர் அசையக் கூடாது. இன்றைக்கும் ஷெஃபீல்டில், 1977-இலிருந்து உலக ஸ்னூக்கர் போட்டி நடக்கும் க்ரூசிபிள் தியேட்டரில் யாராவது இருமினாலே கேமரா திரும்புகிறது.

எங்கள் மார்க்கர் அண்ணன் முதலில் வேலை பார்த்தது அந்த மாதிரி ஒரு கிளப்பில். முப்பது வருடமாக இந்தத் தொழில். டேபிள் துணிக்கு பிரஷ் போடுவது, டிப் ஒட்டுவது, ஸ்கோர் எழுதுவது, சண்டையை விலக்குவது எல்லாம் அவர்தான். விதி எழுதுவதற்காக நாங்கள் பதினோரு பேர் கூடியபோது அவர் சொன்னார்: "கிளப்ல ஒருத்தன் தும்முனா பத்து பேரு திரும்பிப் பாப்பான். இங்க எவன் பாக்கறான்? இங்க பாட்டு ஓடும், ஏசி உறுமும், அந்தப் பசங்க கேம்ல சுட்டுக்கிட்டு இருப்பாங்க. காத மூடாம எப்படிம்மா ஆடுவாங்க?"

உலக மேடைகளிலேயே மூடுகிறார்கள். 1994-இலிருந்து நடக்கும் மாஸ்கோனி கோப்பையில் அமெரிக்க அணியும் ஐரோப்பிய அணியும் மோதுகின்றன. பூல் உலகத்திலேயே அதிகம் சத்தம் போடும் கூட்டம் அங்கேதான். கால்பந்து மைதானம் மாதிரி பாடுவார்கள், கூவுவார்கள். அமெரிக்காவின் ஏர்ல் ஸ்ட்ரிக்லேண்ட், யு.எஸ். ஓப்பன் நைன் பாலை ஐந்து முறை வென்றவர், கூட்டத்தோடு சண்டை போடுவதற்கும் பெயர் போனவர். காதில் அடைப்போடும், விமான நிலைய ஊழியர்கள் போடுவது மாதிரியான பெரிய காது மூடியோடும் அவர் டேபிளுக்கு வந்திருக்கிறார். பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

டார்ட்ஸில் ஜெர்வின் பிரைஸ் கதை இன்னும் சுவாரசியம். 2023 புத்தாண்டு அன்று லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸில் உலக சாம்பியன்ஷிப் காலிறுதி. கூட்டம் அவரைக் கூவிக்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் அவர் பெரிய காது மூடியை மாட்டிக்கொண்டு மேடையில் நின்றார். ஜெர்மனியின் கேப்ரியல் கிளெமன்ஸிடம் 5-1 என்று தோற்றார். மூடி மாட்டியதால் தோற்றார் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே பின்தங்கித்தான் இருந்தார். ஆனால் அந்த வீடியோவைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். கூட்டத்தின் முன்னால் காதை மூடுவது, 'நீங்கள் சொல்வது எனக்கு உறைக்கிறது' என்று ஒப்புக்கொள்வதுபோல ஆகிவிடுகிறது. அதற்கப்புறம் கூட்டம் சும்மா இருக்குமா?

*

விதி எழுத வேண்டியவள் என்பதால் மூன்று வாரம் ஒவ்வொன்றையும் மாட்டி ஆடிப் பார்த்தேன். ஒரு வாரம் நுரை இயர்பிளக். ஒரு வாரம் சத்தத்தைக் குறைக்கும் இயர்பட்ஸ், பாட்டு இல்லாமல். ஒரு வாரம் பாட்டோடு.

நுரையை விரலால் உருட்டி உள்ளே விட்டு, அது விரியும்வரை பிடித்துக்கொள்ள வேண்டும். சரியாகப் பொருந்தினால் 20 டெசிபலுக்கு மேல் குறையும். அதிலும் கீச்சென்ற மேல்சத்தம் அதிகம் குறையும், கனமான கீழ்ச்சத்தம் அவ்வளவு குறையாது. அதனால் உலகம் போர்வைக்குள் போனதுபோல ஆகிறது. பந்தோடு பந்து மோதும் 'டக்', 'தொப்' ஆகிவிடுகிறது. இன்னொன்றும் நடக்கிறது. காதை அடைத்ததும் உடம்புக்குள் இருக்கும் சத்தம் பெரிதாகிறது. சொந்த மூச்சு, எச்சில் விழுங்குவது, காலடி, சில சமயம் இதயத் துடிப்பு. எலும்பு வழியே வரும் அதிர்வு வெளியே தப்பிக்க வழியில்லாமல் காதுக்குள்ளேயே நிற்பதால் அப்படி. முதல் இரண்டு நாள் பயமாக இருந்தது. பிறகு பிடித்தது. குனிந்து குறி பார்க்கும்போது மூச்சு எந்த இடத்தில் நிற்கிறது என்று எனக்கே கேட்டது.

சத்தம் குறைக்கும் இயர்பட்ஸ் ஏமாற்றம்தான். அது ஏசி உறுமல், ஃபேன் இரைச்சல் மாதிரி ஒரே சீராக ஓடும் கீழ்ச்சத்தத்தைத்தான் நன்றாக அழிக்கும். திடீரென்று வரும் சிரிப்பு, கீழே விழும் டம்ளர், பேச்சு, இதெல்லாம் மிச்சம் இருக்கும். ஆனால் ஆட்டத்தைக் கெடுப்பதே அந்த இரண்டாவது வகைதான். ஏசி உறுமலால் யாரும் தோற்றதில்லை. இதை உளவியல் ஆய்வாளர்கள் 1970களிலிருந்தே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வரிசையாக எதையாவது நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பின்னால் பேச்சை ஓடவிட்டால், 'அதைக் கவனிக்காதீர்கள்' என்று சொல்லியிருந்தாலும் நினைவு தடுமாறுகிறது. மாறாத இரைச்சல் அந்த அளவுக்குக் கெடுப்பதில்லை. நைன் பாலும் ஒரு வகையில் வரிசை நினைவுதான். ஒன்றைப் போட்டு, வெள்ளையை இங்கே நிறுத்தி, இரண்டைப் போட்டு, மூன்றுக்கு இந்தப் பக்கம் வரவேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டு போகிறோம். அப்போது பின்னால் யாரோ "மச்சி, சிக்ஸ்டி ஃபைவ் தான் குடுத்தான்" என்றால், எதற்கு சிக்ஸ்டி ஃபைவ் என்று மூளை தானாகப் போய்ப் பார்க்கிறது.

பாட்டோடு ஆடிய வாரம் ஜாலியாக இருந்தது. கை இலேசானது. பிரேக் நன்றாக வந்தது. ஆனால் என் ஸ்டிக்கின் டிப் தேய்ந்துபோயிருந்ததை அந்த வாரம் முழுக்க நான் கவனிக்கவில்லை. டிப் நன்றாக இருந்தால் வெள்ளையில் படும்போது ஒரு சத்தம். கெட்டிப்பட்டு வழவழப்பானால் வேறு சத்தம். வழுக்கிப்போனால், நாங்கள் மிஸ்க்யூ என்போம், அது தனிச் சத்தம். எதிராளி இரண்டு முறை வெள்ளையைத் தொட்டுவிட்டால் அந்த 'டடக்' கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். நடுவர் இல்லாத ஆட்டத்தில் காதுதான் பாதி நடுவர்.

மீதிப் பாதி வாய். பிரேக்குக்கு அடுத்த அடியில் 'புஷ் அவுட்' ஆடப் போகிறேன் என்றால் முன்பே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது சாதாரண அடியாகத்தான் கணக்கு. பந்து குஷனில் ஒட்டியிருக்கிறது என்றால் அடிக்கும் முன் சொல்ல வேண்டும். எய்ட் பாலில் தெளிவாகத் தெரியாத பந்துக்கு எந்தப் பாக்கெட் என்று சொல்ல வேண்டும். சேஃப்டி என்றால் சேஃப்டி என்று சொல்ல வேண்டும். வெளியே இருந்து பார்த்தால் இரண்டு பேர் பேசாமல் பந்து தள்ளுவதுபோலத்தான் இருக்கும். உண்மையில் அது நிறையப் பேசிக்கொள்ளும் ஆட்டம்.

துப்பாக்கிச் சுடுதலில் இதற்கு ஒரு தெளிவான கோடு போட்டிருக்கிறார்கள். காதுக்குள் சத்தம் போவதைக் குறைக்கும் எதையும் மாட்டலாம். சத்தம் உண்டாக்குகிற, செய்தி கொண்டுவருகிற எதையும் மாட்டக் கூடாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சுட்டு வெள்ளி வாங்கிய துருக்கியின் யூசுஃப் டிகெச் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 'ஒரு கருவியும் இல்லாமல் வந்துவிட்டார்' என்று மீம் போட்டார்கள். உற்றுப் பார்த்தால் அவர் காதிலும் சின்ன இயர்பிளக் இருக்கும். எனக்கு அந்தக் கோடு பிடித்திருந்தது. செய்தி கொண்டுவரும் கருவி காதில் இருந்தால், அதில் ஓடுவது பாட்டா, வெளியே உட்கார்ந்து 'மூணை சைடு பாக்கெட்ல போடு' என்று சொல்லித்தரும் நண்பனா என்று யாருக்குத் தெரியும்?

'இயர்பிளக் சரி, இயர்ஃபோன் கூடாது' என்று எழுதிவிட்டுக் கூட்டத்தை முடித்திருக்கலாம். இரண்டு பேர் அப்படி முடிக்க விடவில்லை. ஒருவன் என் தம்பி. இன்னொருத்தி நான்.

*

தம்பிக்கு ஐந்து வயதிலிருந்து காது மிஷின். இப்போது இருபத்திரண்டு. இப்போது வருகிற மிஷின்களில் புளூடூத் இருக்கிறது. போன் பேசலாம், பாட்டும் கேட்கலாம். போன வருடம் வேறு ஒரு ஊரில் நடந்த போட்டிக்குப் போயிருந்தோம். மின்னணுக் கருவி எதுவும் காதில் இருக்கக் கூடாது என்று அங்கே விதி. நடத்தியவர்களில் ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"தம்பி, இதுல புளூடூத் இருக்கா?"

அவன் பொய் சொல்லத் தெரியாதவன். "இருக்கு சார்."

"அப்ப கழட்டிடுங்க. எல்லாருக்கும் ஒரே ரூல்தானே."

நான் பேசப் போனேன். தம்பி கையைப் பிடித்து நிறுத்தினான். இரண்டையும் கழற்றி, டப்பாவில் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆடினான். எதிராளி முதுகைக் காட்டிக்கொண்டு என்ன சொன்னாலும் அவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் எதிராளியின் உதட்டைப் பார்த்துவிட்டுத்தான் குனிந்தான். அப்படியும் ஜெயித்தான். ரயிலில் வரும்போது கேட்டேன், ஏன்டா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க என்று.

"ஜெயிச்சதே தெரியலக்கா. கடைசிப் பந்து விழுந்த சத்தம் கேக்கல."

இந்த இடத்தில் ஷேன் வான் போனிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். தம்பியின் போனில் வால்பேப்பர் அவர்தான். அமெரிக்காவின் சவுத் டகோட்டாக்காரர். பிறவியிலேயே கேட்கும் திறன் குறைவு, மிஷின் போடுகிறவர். 2007, 2012, 2013, 2014, 2016 என்று ஐந்து முறை யு.எஸ். ஓப்பன். 2022-இல் உலக நைன் பால் சாம்பியன், இறுதியில் ஆல்பின் ஊஷானை 13-6 என்று வென்றார். ஆட்டத்தின்போது அவர் மிஷினை அணைத்துவிடுவது உண்டு. கூட்டம், கைதட்டல், இருமல் எல்லாம் ஒரு பொத்தானில் போய்விடும்.

கூட்டத்தில் இந்தக் கதை வந்ததும் ஹெட்ஃபோன்காரர் சொன்னார்: "அது மட்டும் நியாயமா? நாங்க காசு குடுத்து வாங்கற அமைதி அவருக்கு இலவசமா கிடைக்குது. தம்பிக்கும் அப்படித்தானே. தப்பா எடுத்துக்காத தம்பி."

தம்பி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இதை அவன் பல முறை கேட்டிருக்கிறான். "இலவசம்தான் அண்ணா," என்றான். "வேணும்னா மாத்திக்கலாம். ஒரு வாரத்துக்கு நீங்க வச்சிக்குங்க." எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. பிறகு சொன்னான்: "வான் போனிங் அணைக்கிறது அவரு இஷ்டம். ஸ்விட்ச் அவரு கையில இருக்கு. எனக்கு அன்னிக்கு ஸ்விட்ச் வேற ஒருத்தர் கையில இருந்துச்சு. அவ்வளவுதான் வித்தியாசம்."

ஏர்ல் ஸ்ட்ரிக்லேண்டும் யு.எஸ். ஓப்பன் ஐந்து முறை, வான் போனிங்கும் ஐந்து முறை. ஒருவர் காதில் மூடியைப் போட்டுக்கொள்கிறார், இன்னொருவர் மிஷினை அணைக்கிறார். டேபிளுக்கு வந்து சேர்கிற அமைதி ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் ஒருவர் மூடியைக் கழற்றினால் போதும், உலகம் முழுசாகத் திரும்பி வந்துவிடும். மற்றவருக்கு மிஷின் தருகிற அளவுக்குத்தான் வரும். விதி எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே வரியில் போட்டால் அது சமத்துவம் ஆகாது. சோம்பேறித்தனம்.

*

இனி என் ஒயர்.

எங்கள் மாடிக்கு வந்து ஆடும் பெண்கள் மூன்று பேர். 2025-இல் தோஹாவில் சென்னையின் அனுபமா ராமச்சந்திரன் உலக ஸ்னூக்கர் பட்டம் வென்றபோது மாடியில் எல்லோரும் போனில் ஹைலைட்ஸ் பார்த்தார்கள், "நம்ம ஊருப் பொண்ணு" என்றார்கள். அதே ஆட்கள் இருக்கும் அறையில் நான் குனிந்தால் பின்னால் பேச்சு மாறும். எப்போதும் இல்லை, எல்லோரும் இல்லை. ஆனால் எந்த நாள், யார் என்று முன்கூட்டித் தெரியாது. சில சமயம் அது ஆட்டத்தைப் பற்றிய அறிவுரை மாதிரி வரும்: "மேடம், இன்னும் கொஞ்சம் வளைஞ்சு ஆடணும்." சில சமயம் வெறும் சிரிப்பு. எதிராளியின் கவனத்தைக் கலைப்பதை இந்த ஆட்டத்தில் ஷார்க்கிங் என்பார்கள். சாக்கைத் தட்டுவது, குறுக்கே நடப்பது, இருமுவது. என் பின்னால் நடந்ததற்கு அந்தப் பெயர்கூடக் கிடையாது. ஏனென்றால் பேசுகிறவர் என் எதிராளி இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருக்கிற யாரோ.

அதனால் ஒயர். இயர்பட்ஸ் முடிக்குள் மறைந்துவிடும், ஒயர் தெரியும். ஒயர் தெரிந்தால், இவளுக்குக் கேட்காது என்று நினைத்துப் பாதிப் பேர் என்னிடம் நேராகப் பேச வருவதை விட்டுவிடுகிறார்கள். பாட்டு ஏன் போடுவதில்லை? பின்னால் யார் வருகிறார், எவ்வளவு பக்கத்தில் நிற்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும். எதிராளி 'ரெண்டு ஃபவுல்' என்று சொன்னால் அதுவும் கேட்க வேண்டும். ஆக நான் கேட்காதவள்போல நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். இதை வாசிக்கும் பெண்களில் பஸ்ஸில் இதே மாதிரி உட்கார்ந்து வந்தவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதைக் கூட்டத்தில் சொன்னேன். சிலர் தரையைப் பார்த்தார்கள். ஒருவர், "அப்படிலாம் இங்க யாரும்..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். மார்க்கர் அண்ணன்தான் பேசினார்.

"சத்தம் காதுலயா பொறக்குது? வாய்ல பொறக்குது. நம்ம என்னமோ காதுக்கு ரூல் எழுதிக்கிட்டு இருக்கோம்."

அதற்குப் பிறகுதான் எனக்கு எதை எழுத வேண்டும் என்று தெளிவாயிற்று. ஓர் ஆட்டக்காரருக்கு அறையை மூடிக்கொள்ள உரிமை உண்டு. எதிராளியை மூடிக்கொள்ள உரிமை கிடையாது. இயர்பிளக் அறையைக் குறைக்கிறது. ஆனால் பக்கத்தில் வந்து முகம் பார்த்துச் சொன்னால் கேட்கும். பாட்டு ஓடும் இயர்ஃபோன் எதிராளியையும் சேர்த்து வெளியே நிறுத்துகிறது. காது மிஷின் எதிராளியை உள்ளே கொண்டுவருகிறது. மூன்றும் காதில்தான் இருக்கின்றன. செய்கிற வேலை மூன்றுக்கும் வேறு.

எழுதிக்கொண்டு போனது இவ்வளவுதான்:

1. இயர்பிளக் மாட்டலாம்.

2. இயர்ஃபோன், இயர்பட்ஸ், ஹெட்ஃபோன் கூடாது. பாட்டு ஓடாவிட்டாலும் கூடாது.

3. காது மிஷினைப் பற்றி யாரும் யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது. போடுவதும் கழற்றுவதும் அணைப்பதும் அவரவர் விருப்பம்.

4. ஃபவுல், புஷ் அவுட், இரண்டு ஃபவுல் எச்சரிக்கை எதுவானாலும் கையைத் தூக்கி, எதிராளி முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எதிராளி கட்டை விரலைத் தூக்கிக் காட்டினால்தான் சொன்னதாகக் கணக்கு.

5. ஒருவர் டேபிளில் குனிந்திருக்கும்போது அவரைப் பற்றி யார் பேசினாலும், பார்வையாளர் உட்பட, அறையை விட்டு வெளியேற வேண்டும்.

முதல் நான்கும் நிறைவேறின. நான்காவதில் முதலில் 'தலையாட்டினால்' என்றுதான் எழுதியிருந்தேன். நம் தலையாட்டல் ஆமாமா, இல்லையா, பார்க்கலாமா என்று அடுத்த அரை மணி நேரச் சண்டைக்கு அதுவே போதும் என்று தம்பி சொன்னான். கட்டை விரல் ஆனது. வேடிக்கை என்னவென்றால், நான்காவதை நான் தம்பிக்காக எழுதினேன். போன வருடத் தகராறில் மாட்டிய இரண்டு பேரும்தான் அதற்கு முதலில் கை தூக்கினார்கள்.

இரண்டாவதுக்கு நானும் கை தூக்கினேன். என் ஒயரும் அதில் போகிறது என்று தெரிந்தேதான். எனக்கு ஒரு விதிவிலக்கு கேட்டிருக்கலாம், கொடுத்தும் இருப்பார்கள். ஆனால் பாட்டு ஓடாத இயர்ஃபோன் என்று என் வார்த்தையை நம்பச் சொன்னால், பாட்டு ஓடவில்லை என்று சொல்லும் எல்லோரையும் நம்ப வேண்டும்.

ஐந்தாவது 6-5 என்று தோற்றது. எதிராகக் கை தூக்கியவர்கள் கெட்டவர்கள் இல்லை. 'பார்க்க வந்தவனை எப்படி வெளியே அனுப்புவது, அவன் நாளைக்குக் காசு கொடுத்து ஆட வருகிறவன்' என்றார் ஒருவர். 'என்ன பேசினான் என்று யார் தீர்ப்பு சொல்வது' என்றார் இன்னொருவர். இரண்டாவது கேள்வி நியாயமானது. அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. முதல் கேள்விக்கு இருந்தது: நானும்தான் காசு கொடுத்து ஆட வருகிறேன். அதைச் சொன்ன பிறகும் எண்ணிக்கை மாறவில்லை.

மறுநாள் சாயங்காலம் போனபோது மூன்றாம் டேபிளுக்குப் பின்னால், நாங்கள் பிரேக் அடிக்கக் குனியும் பக்கத்தில் இருந்த பெஞ்சைக் காணவில்லை. எதிர்ச் சுவரோரம், பிளேஸ்டேஷன் பக்கம் கிடந்தது. காத்திருப்பவர்கள் இனி ஆடுகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். மார்க்கர் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, துணிக்கு பிரஷ் போட்டுக்கொண்டிருந்தார். நானும் கேட்கவில்லை.

போட்டி தை மாதக் கடைசியில். விதித்தாளை மூன்று பிரதி எடுத்து ஒட்டியாகிவிட்டது. ஐந்து என்ற எண்ணை மட்டும் அழிக்காமல், அதற்கு எதிரே இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். இதுவரை இரண்டு பேர் அது என்ன என்று கேட்டார்கள். இரண்டு பேருக்கும் விவரமாகச் சொன்னேன்.